டாப்ஸ்லிப்: ஒரு நாள் பயணமும் நூற்று எழுபது ஆண்டுக் கணக்கும்

காங்கேயத்தில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசிவிட்டால் அடுத்து வரும் கேள்வி, "ஒரே நாளில் எங்கே போய்விட்டுத் திரும்பலாம்?" என்பதுதான். பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கும், அரிசி ஆலை, எண்ணெய் ஆலை நடத்துகிறவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கையில் இருக்கும். சிவன்மலை பக்கத்திலேயே இருக்கிறது, அது பயணக் கணக்கில் வராது. திருமூர்த்தி மலை, அமராவதி அணை, ஆழியாறு, வால்பாறை என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் எப்போதும் இருக்கும் ஒரு பெயர் டாப்ஸ்லிப்.

டாப்ஸ்லிப் போய் வந்தவர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று, "அருமையான இடம், யானை பார்த்தோம்." மற்றொன்று, "அங்கே ஒன்றுமே இல்லை. மரம்தான் இருக்கிறது. அதற்கு இத்தனை கட்டுப்பாடு வேறு."

இரண்டாவது பதில் சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த மரம் அங்கே எப்படி இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நியாயப்படி பார்த்தால் அந்த மரம் அங்கே இருந்திருக்கவே கூடாது! ஒரு காலத்தில் அது மொத்தமாக வெட்டி விற்கப்பட்ட மலை. விற்றவர்கள் யார், திருப்பி வைத்தவர் யார், அதன் பலனை இன்று அனுபவிப்பவர்கள் யார் என்ற கணக்கைத் தெரிந்துகொண்டு போனால் அந்த ஒரு நாள் பயணமே வேறு மாதிரி இருக்கும்.

வழி எப்படி?

காங்கேயத்திலிருந்து பொள்ளாச்சி சுமார் 80 கிலோமீட்டர். பல்லடம் வழியாகவும் போகலாம், தாராபுரம், உடுமலை வழியாகவும் போகலாம். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் தாண்டினால் சேத்துமடை. அங்கேதான் வனத்துறையின் சோதனைச் சாவடி. அதற்கு மேல் மலைப்பாதை. பொள்ளாச்சியிலிருந்து டாப்ஸ்லிப் வரை மொத்தம் சுமார் 37 கிலோமீட்டர்.

வழியெங்கும் தென்னந்தோப்பு. வேட்டைக்காரன்புதூர் தாண்டியதும் எதிரே சுவர் போல மலை நிற்கும். அந்தச் சுவரின் விளிம்பில் இருந்துதான் கதை தொடங்குகிறது.

பெயர் வந்த கதை

டாப்ஸ்லிப் என்பது தமிழ்ப் பெயரும் அல்ல, எந்த ஊரின் பெயரும் அல்ல. மலை உச்சியில் வெட்டிய மரங்களை ஒரு சரிவின் வழியாகக் கீழே சறுக்கி விடுவார்கள். அப்படிச் சறுக்கிவிடும் இடத்தின் மேல்முனை "டாப் ஸ்லிப்". ஆக, இன்று சுற்றுலா தலமாக இருக்கும் இடத்தின் பெயரே ஒரு மரக்கடையின் கிடங்குக் குறிப்பு போன்றதுதான்.

எதற்காக அத்தனை மரம்? கப்பலுக்காக.

ஆங்கிலேயர்களின் கடற்படை முதலில் ஓக் மரத்தில்தான் கப்பல் கட்டியது. தொடர்ந்து நடந்த போர்களில் இங்கிலாந்தின் ஓக் மரங்கள் குறைந்து போயின. அப்போது அவர்கள் கண்ணில் பட்டது தேக்கு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தண்ணீரில் எளிதில் இற்றுப் போகாது, கரையான் அரிக்காது, அடித்த இரும்பு ஆணியும் சீக்கிரம் துருப்பிடிக்காது. பம்பாய் கப்பல் கட்டும் தளத்தில் வாடியா என்ற பார்சி குடும்பத்தினர் தேக்கினால் கப்பல் கட்டுவதில் பேர் பெற்றிருந்தார்கள். 1817-இல் அங்கே கட்டப்பட்ட "டிரிங்கோமலி" (திருகோணமலையின் பெயர்தான்) என்ற போர்க்கப்பல், இருநூறு ஆண்டு கடந்த பின்னும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. தேக்கின் தரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மலபார் கரையோரத்தில் எட்டும் தூரத்தில் இருந்த தேக்கெல்லாம் வெட்டித் தீர்ந்த பிறகு, எட்டாத உயரத்தில் இருந்த ஆனைமலைத் தேக்கின் மேல் பார்வை திரும்பியது. 1848-இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி ஆனைமலைக் காடுகளின் பொறுப்பாளராக அனுப்பப்பட்டார். காட்டின் ஒரு பகுதி கொல்லங்கோடு நம்பிடியிடமிருந்து குத்தகைக்கு எடுக்கப்பட்டது. மைக்கேல் பாதை போட்டார், ஆட்களைச் சேர்த்தார், யானைகளைக் கொண்டுவந்தார். யானைகள் மரத்தை இழுத்து வரும், சரிவில் தள்ளிவிடும். கீழே வந்த மரம் மாட்டு வண்டியிலும் ஆற்றிலுமாக மேற்குக் கடற்கரைக்குப் போகும். அங்கிருந்து பம்பாய்.

மைக்கேல் அந்தக் காட்டில் இருந்தது ஏழு ஆண்டுகள். வெட்டுவதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும், காட்டுத்தீயைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இருந்தது. சென்னை மாகாணத்தில் காட்டைக் கவனித்து நடத்தும் முயற்சிகளில் அவருடையது முன்னோடியானது என்று சொல்வதுண்டு. ஆனால் அவரை அங்கே அனுப்பியதன் நோக்கம் மரம். அந்த நோக்கம் நிறைவேறியது.

ரயில் வந்தது, மரம் போனது

1856 என்பது இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஆண்டு. அந்த ஆண்டுதான் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. அதே ஆண்டுதான் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். காட்டைத் தின்னப் போகும் ரயிலும், காட்டைக் காக்க வேண்டிய அதிகாரியும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தார்கள்!

தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கு மரம் வேண்டும், ஆரம்ப காலத்தில் எஞ்சினை எரிக்கவும் மரம் வேண்டும். 1862-இல் போத்தனூர், பாலக்காடு வழியாக ரயில் பாதை மேற்குக் கடற்கரையைத் தொட்டது. அந்தப் பாதைக்கு மிக அருகில் இருந்த பெரிய காடுகளில் ஒன்று ஆனைமலை. கப்பலுக்காவது தேர்ந்தெடுத்த பெரிய மரம்தான் வேண்டும். ரயில் கட்டைக்கு நடுத்தர மரமும் போதும். எனவே வெட்டு இன்னும் கீழே இறங்கியது.

கிளெக்ஹார்ன் 1858-இல் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளுக்கு ஒரு குழுவோடு பயணம் செய்தார். பின்னாளில் தாவரங்கள், தவளைகள், பாம்புகள் பற்றிய ஆய்வுகளுக்காகப் பேர் பெற்ற பெடோம் அவரோடு சென்றார். மைக்கேலுக்கு உதவியாக இருந்து பிறகு அவர் பொறுப்பை ஏற்ற டக்ளஸ் ஹாமில்டனும் உடன் சென்று அங்குள்ள காட்சிகளை வரைந்தார். அவர்கள் கண்ட உயர்மலைப் புல்வெளிதான் இன்று "புல்மலை" எனப்படும் கிராஸ் ஹில்ஸ். சுற்றுலாப் பயணிகள் நினைத்தவுடன் போக முடியாத பகுதி அது.

1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் "ஒதுக்குக் காடுகள்" ஆயின. அதாவது, அதுவரை காட்டிலேயே பிறந்து, தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்துவந்த காடர்கள், மலசர்கள், முதுவர்கள், புலையர்கள் ஆகியோர் ஒரே கையெழுத்தில் தங்கள் சொந்த இடத்தில் அனுமதி கேட்க வேண்டியவர்கள் ஆனார்கள். காட்டை வெட்டியது அரசாங்கம், கட்டுப்பாடு வந்தது காட்டில் இருந்தவர்களுக்கு. இந்த முரண்பாட்டை வரலாறு படிக்கும் எவரும் கவனிக்காமல் போக முடியாது.

இதே மலைத்தொடரின் வால்பாறைப் பக்கம் 1890-களிலிருந்து வேறு கதை நடந்தது. அங்கே காட்டை அழித்துக் காபியும் பிறகு தேயிலையும் பயிரிட்டார்கள். சமவெளியிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன கூலித் தொழிலாளர்களின் துயரம் தனிக் கட்டுரைக்கு உரியது. டாப்ஸ்லிப் பக்கம் தேயிலை வரவில்லை, தேக்கே அதன் விதியாக இருந்தது.

அசலைத் தொடாத மனிதர்

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஆனைமலையின் தேக்குக் காட்டில் பெரும்பகுதி மொட்டையாகிக் கிடந்தது. 1910-களின் நடுவில் அங்கே வந்தார் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. 1870-இல் பிறந்தவர். டாப்ஸ்லிப் அருகே மவுண்ட் ஸ்டூவர்ட் என்ற இடத்தில் தங்கிக்கொண்டு சுமார் பத்தாண்டு வேலை பார்த்தார்.

வணிகக் கணக்கு தெரிந்தவர்களுக்கு வுட் செய்ததைப் புரிந்துகொள்வது எளிது. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் காட்டை விற்று வந்த பணத்தை எல்லாம் வருமானம் என்று எழுதிக்கொண்டார்கள். உண்மையில் அது வருமானம் அல்ல, அசலையே எடுத்துச் செலவு செய்தது. ஒரு தேக்கு முதிர அறுபது, எண்பது ஆண்டு ஆகும். நூறு மரம் வெட்டி ஒரு மரமும் வைக்காதவன் லாபக் கணக்கு காட்டலாம், ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் காலியாகிக்கொண்டே வரும்.

வுட் முதலில் செய்த காரியம், மொத்தமாக வெட்டுவதை நிறுத்தியது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் வெட்டினால் மற்றவை வளரட்டும் என்று முறை வைத்தார். வெட்டும் மரத்தையும் வேரோடு தோண்டாமல், தரைக்குச் சற்று மேலே அடிக்கட்டையை விட்டு வெட்டச் சொன்னார். தேக்கின் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர் விடும். ஏற்கெனவே ஆழ ஓடியிருக்கும் வேர் இருப்பதால் அந்தத் தளிர் வேகமாக வளரும். கரும்பில் மறுதாம்பு விடுவது போன்ற வேலைதான் இது.

தேக்கை நட்டு வளர்ப்பது புதிதல்ல. நிலம்பூரில் 1840-களிலேயே கலெக்டர் கொனொலியும் அவரது அலுவலர் சாத்து மேனனும் தேக்குத் தோட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் ஒரு மலையையே மறுபடி பச்சையாக்குவது வேறு விஷயம்.

வுட் பற்றி ஆனைமலையில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. கோட்டுப் பைகள் நிறையத் தேக்கு விதைகளை நிரப்பிக்கொள்வாராம். நடந்துபோகும்போதே வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியால் தரையில் குத்திக் குழி போட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒரு விதை போட்டு மூடிக்கொண்டே போவாராம். ஒரு மனிதன் கைத்தடியால் ஒரு காட்டையே நட்டுவிட முடியுமா? முடியாதுதான். காட்டை நட்டவர்களில் பெயர் எழுதப்படாத காடர்களும் மலசர்களும் எத்தனையோ பேர். ஆனாலும் மக்கள் ஒருவரைப் பற்றி இப்படி ஒரு கதையை நூறு ஆண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அவர் செய்த வேலையை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

வுட் 1933 டிசம்பரில் இறந்தார். அவர் விருப்பப்படி டாப்ஸ்லிப்பிலேயே தேக்குகளுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் ஒரு லத்தீன் வாசகம் இருக்கிறது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையில் இருக்கும் அதே வாசகம். நினைவுச் சின்னம் எங்கே என்று தேடுகிறவர் சுற்றிலும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் கருத்து. ரென்னுக்கு அது சுவர்களைக் குறித்தது. வுட்டுக்கு மரங்களைக் குறிக்கிறது.

ஒரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வுட் திருப்பி வைத்தது பெரும்பாலும் தேக்கைத்தான். இயற்கையான காடு என்பது ஒரே மரம் வரிசையாக நிற்பது அல்ல. பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் டாப்ஸ்லிப்புக்கு அருகில் உள்ள கரியன் சோலையைப் பார்க்க வேண்டும். சூரிய ஒளி தரையில் விழாத அளவுக்கு அடர்ந்த சோலை அது. இருவாச்சியும் சோலைமந்தியும் வாழ்வது அப்படிப்பட்ட காட்டில்தான். தேக்குத் தோட்டத்தையும் கரியன் சோலையையும் அடுத்தடுத்துப் பார்த்தால், மனிதன் திருப்பித் தர முடிந்தது எவ்வளவு, முடியாதது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

காங்கேயத்துக்கு வரும் வட்டி

இதுவரை சொன்னதெல்லாம் பொள்ளாச்சிக்காரர்களின் கதை என்று தோன்றலாம். ஆனால் இதில் காங்கேயத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

காங்கேயம் மழை மறைவுப் பிரதேசம். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது நல்ல ஆண்டு. கிணற்றையும் கொறங்காட்டையும் நம்பி வாழ்ந்த பூமி. மேற்கே ஆனைமலையின் உச்சியில் சின்னக்கல்லாறு போன்ற இடங்களில் இதைப் போலப் பல மடங்கு மழை கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்தது. அதைக் கிழக்கே திருப்பினால் என்ன என்ற யோசனையின் விளைவுதான் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம்.

காமராஜர் முதல்வராக இருந்தபோது திட்டம் உருப்பெற்றது. சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சி சட்டமன்ற உறுப்பினராக இருந்த நா. மகாலிங்கம் ஆகியோர் அதற்காக உழைத்தார்கள். 1961-இல் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தானது, ஆனால் 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று அதில் எழுதப்பட்டது. எட்டு ஆறுகளை அணைகளாலும் சுரங்கங்களாலும் இணைக்கும் திட்டம் இது.

தண்ணீர் வரும் வழியைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். சோலையாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாகப் பரம்பிக்குளம் அணைக்கு வருகிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கம் வழியாகத் தூணக்கடவு. தூணக்கடவிலிருந்து மலையைக் குடைந்து சர்க்கார்பதி மின் நிலையம். அங்கே மின்சாரம் எடுத்த பிறகு, மலையடிவாரத்தை ஒட்டியே 49 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும் காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணை. அங்கிருந்து பிரதான கால்வாய் பல்லடம், காங்கேயம் பக்கம் வருகிறது. பரம்பிக்குளம், தூணக்கடவு அணைகள் இருப்பது கேரள மண்ணில், பராமரிப்பது தமிழ்நாடு.

திருமூர்த்தி அணையை நம்பியுள்ள சுமார் 3.77 லட்சம் ஏக்கரும் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தரத் தண்ணீர் போதாது என்பதால் மண்டலம் மண்டலமாக முறை வைத்துத் திறக்கிறார்கள். கடைமடையில் இருக்கும் காங்கேயம், வெள்ளகோவில் விவசாயிகள் தங்களுக்கு உரிய தண்ணீர் வந்து சேர்வதில்லை என்று பல முறை போராடியிருக்கிறார்கள். கடைமடைக்காரனுக்குத்தான் தண்ணீரின் அருமை தெரியும்.

2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று, அதைத் தாங்கும் சங்கிலி அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி தண்ணீர் பல நாள் வீணாக ஓடியது. அன்று காங்கேயம் பக்கத்துத் தோட்டங்களில் பேசப்பட்டதெல்லாம் அதைப் பற்றித்தான். எங்கோ மலைக்கு அப்பால், வேறு மாநிலத்தில், ஒரு சங்கிலி அறுந்தால் இங்கே வாய்க்கால் வறண்டுவிடும் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

அணை தண்ணீரைச் சேர்த்து வைக்கும், ஆனால் மழை ஓய்ந்த பிறகும் அணைக்குத் தண்ணீரைக் கசியவிடுவது சோலையும் புல்வெளியும். அவை பஞ்சு போல மழையை உறிஞ்சி மெதுவாக விடுகின்றன. காடு இல்லாத மலையில் பெய்யும் மழை ஒரே நாளில் மண்ணையும் அள்ளிக்கொண்டு வந்து அணையை மேடாக்கிவிடும். ஆக, காடு அசல் என்றால், காங்கேயத்துக்கு வரும் தண்ணீர் அதன் வட்டி.

இந்தக் கணக்கு காங்கேயத்துக்காரர்களுக்குப் புதிதும் அல்ல. கிளுவை வேலி கட்டி, நடுவே வெள்வேல மரங்களை விட்டு, கொழுக்கட்டைப் புல் முளைத்த கொறங்காட்டில் மாட்டை மேய்ப்பவர்கள் ஒரே காட்டை ஒட்ட மேய்த்துவிட மாட்டார்கள். ஒரு காட்டில் மேய்த்தால் இன்னொன்றைப் புல் வளர விடுவார்கள். காங்கேயம் மாடு தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்தது இந்த முறையால்தான். வுட் திட்டம் போட்டு எழுதியதை இவர்கள் வேலி கட்டிச் செய்துகொண்டிருந்தார்கள்.

கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது?

1976-இல் ஆனைமலை வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பின்னர் அதற்கு இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. 1989-இல் கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகிய பகுதிகள் சேர்ந்த சுமார் 117 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா ஆனது. 2007-இல் ஆனைமலை புலிகள் காப்பகம். 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது ஆனைமலையும் அதில் இடம்பெற்றது.

மரம் வெட்டும் தொழில் நின்றதும், மரம் இழுத்த யானைகளுக்கு வேறு வேலை வந்தது. டாப்ஸ்லிப் அருகே கோழிகமுத்தி முகாமில் இருக்கும் யானைகள் பாரம்பரியமாக மரம் இழுத்த யானைகளின் வாரிசு வேலையைத்தான் செய்கின்றன. இப்போது அவை கும்கிகள். ஊருக்குள் வரும் காட்டு யானைகளைத் திருப்பி அனுப்புவது அவற்றின் பணி. அங்கிருந்த கலீம் என்ற கும்கி 2023 மார்ச்சில் 60 வயதில் ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் மரியாதை அணிவகுப்பு நடத்தி வழியனுப்பினார்கள். இந்த யானைகளைப் பழக்கும் மாவுத்துகளும் காவடிகளும் பெரும்பாலும் மலசர்கள். அவர்களின் திறமைக்காக ஆனைமலை மலசர் சமூகத்துக்கு 2022-இல் மத்திய அரசின் "கஜ் கௌரவ்" விருது கிடைத்தது.

விருது ஒரு பக்கம் இருக்க, உரிமை வேறு பக்கம் இருக்கிறது. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் அது நடைமுறைக்கு வர ஆண்டுகள் பல ஆயின. வால்பாறை அருகே கல்லார் குடியிருப்பில் 2019 மழையில் நிலச்சரிவால் வீடிழந்த காடர் குடும்பங்கள், காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் மாற்று இடம் கேட்டுப் போராடின. 2021-இல்தான் அந்த உரிமை கிடைத்தது. 1882-இல் ஒரு கையெழுத்தில் போனதில் ஒரு துண்டு திரும்பி வர 139 ஆண்டு ஆகியிருக்கிறது.

மலைக்கும் சமவெளிக்கும் நடுவே சோதனைச் சாவடி இருக்கலாம், ஆனால் யானைக்கு அது தெரியாது. 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடித்து டாப்ஸ்லிப் பக்கம் காட்டில் விடப்பட்ட சின்னத்தம்பி, சில நாளிலேயே கீழே இறங்கி உடுமலை அருகே கரும்புத் தோட்டங்களில் வந்து நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு கொண்டு போனார்கள். அதன் பழைய வழியில் செங்கல் சூளையும் கட்டடமும் வந்துவிட்டால் அது எங்கேதான் போகும்?

அந்த ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது?

இவ்வளவு தெரிந்த பிறகு பயணத் திட்டம் தானாகவே அமைந்துவிடும்.

முதலாவது, நேரம். காங்கேயத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குள் கிளம்பினால்தான் வெயில் ஏறும் முன் சேத்துமடையைத் தொட முடியும். மாலைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். இருட்டிய பிறகு அந்தப் பாதை விலங்குகளுக்கு உரியது.

இரண்டாவது, விசாரணை. நுழைவு நேரம், கட்டணம், வாகன அனுமதி எல்லாம் அவ்வப்போது மாறும். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் மொத்தமாக மூடிவிடுவதும் உண்டு. இருசக்கர வாகனத்தில் போக நினைப்பவர்கள் அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பொள்ளாச்சி வன அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்பினால் ஏமாற்றம் இல்லை.

மூன்றாவது, பேராசை கூடாது. டாப்ஸ்லிப், ஆழியாறு, வால்பாறை மூன்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் மூன்றிலும் பார்ப்பது சாலை மட்டும்தான். டாப்ஸ்லிப் மட்டும் என்றால் வனத்துறை வாகனத்தில் ஒரு சுற்று, யானைகள் முகாம், ஹியூகோ வுட் கல்லறை என்று நிதானமாகப் பார்க்கலாம். பரம்பிக்குளமும் சேர்த்துப் போகிறவர்கள் ஆனப்பாடியில் கேரள வனத்துறையிடம் தனியாக அனுமதி பெற வேண்டும். அந்த வழியில் தூணக்கடவு நீர்த்தேக்கத்தைப் பார்க்கலாம். சுமார் 450 ஆண்டு வயது என்று மதிப்பிடப்படும் கன்னிமாரத் தேக்கையும் பார்க்கலாம். வெட்ட முயன்றபோது அதிலிருந்து ரத்தம் வந்தது என்பது அங்குள்ள மக்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் கோடரியை நிறுத்தியது. சட்டம் வருவதற்கு முன் காட்டைக் காத்தது இப்படிப்பட்ட நம்பிக்கைகள்தான்.

நான்காவது, சாப்பாடு. கட்டுச்சோறு எடுத்துப் போகலாம், ஆனால் பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் வேண்டாம். குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் மீதியைப் போடுவது புண்ணியம் அல்ல, அவற்றின் வாழ்க்கையைக் கெடுப்பது.

ஐந்தாவது, விலங்கைப் பார்த்தே தீர வேண்டும் என்ற எண்ணம். பணம் கட்டியதால் யானை வந்து நிற்க வேண்டும் என்று காட்டில் எதிர்பார்க்க முடியாது. மான் கூட்டமும் காட்டுமாடும் கண்ணில் படலாம், படாமலும் போகலாம்.

எதுவுமே கண்ணில் படாவிட்டாலும் குழந்தைகளை ஹியூகோ வுட்டின் கல்லறை வரை அழைத்துப்போய்ச் சுற்றிலும் பார்க்கச் சொல்லலாம். திரும்பும் வழியில் மலையடிவாரத்தில் கால்வாய்த் தண்ணீர் கண்ணில் பட்டால் இரண்டு நிமிடம் வேனை நிறுத்தலாம். காங்கேயத்துக் கடைமடைக்கு என்றைக்காவது ஒரு நாள் வந்து சேரப்போகும் தண்ணீர் அது. "அங்கே மரம்தான் இருக்கிறது" என்று சொல்பவர்களுக்கு அதைக் காட்டினால் போதும்.